வளைவு வீட்டிலிருந்து நாலு மீட்டர்

போன வாரம் என் பழைய ஆபீசிலிருந்து போன் வந்தது. புதிதாகச் சேர்ந்திருக்கும் உதவிப் பொறியாளர் பெண் பேசினாள். மண்ணுக்குள் என்ன இருக்கிறது என்று காட்டும் ரேடார் வண்டி வந்திருக்கிறதாம். பார்க்க வருகிறீர்களா சார் என்றாள். வராமல் இருப்பேனா? சாப்பிட்ட கை காய்வதற்குள் ஸ்கூட்டரைக் கிளப்பிவிட்டேன். கைக்குழந்தையை வைத்துத் தள்ளும் வண்டி மாதிரிதான் இருந்தது. தள்ளிக்கொண்டே போனால் திரையில் வில் வில்லாகக் கோடு விழுகிறது. ஒவ்வொரு வில்லும் ஒரு குழாய், இல்லையென்றால் ஒரு கேபிள். நானும் வாங்கித் தள்ளிப் பார்த்தேன். பத்தடி போவதற்குள் உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. மண்ணுக்கு அடியில் இருப்பதைத் தேடியே முப்பது வருஷத்துக்கு மேல் ஓட்டினவன் நான். அது இப்படிப் பளிச்சென்று கண்முன் வந்து நின்றால் எப்படி இருக்கும்!

இது இல்லாத காலத்தில் எப்படி சார் கண்டுபிடித்தீர்கள் என்று அந்தப் பெண் கேட்டாள். ஆளை நிற்கவைத்துக் கண்டுபிடித்தோம் என்றேன். கிண்டல் என்று நினைத்துச் சிரித்தாள். கிண்டல் இல்லை, எழுதியே தருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். அதுதான் இது.

என் வேலை என்ன என்று ஊரில் யாருக்கும் சரியாகச் சொல்ல முடிந்ததில்லை. ஒரு தெருவை அகலப்படுத்தவோ வடிகால் கட்டவோ தோண்டினால், அடியில் தண்ணீர்க் குழாய் இருக்கும், கரண்ட் கேபிள் இருக்கும், டெலிபோன் கேபிள் இருக்கும், சாக்கடைக் குழாய் இருக்கும். அத்தனையையும் முதலில் ஒதுக்கி மாற்றிப் போட வேண்டும். ஒவ்வொன்றுக்கும் ஒரு துறை, ஒவ்வொரு துறைக்கும் ஒரு முகம். ஒருவர் வருகிற நாளில் இன்னொருவர் வரமாட்டார். இவர்களை ஒரே நாளில் ஒரே தெருவில் சேர்த்துவைப்பது என் பொறுப்பு. கல்யாணத் தரகர் வேலை என்று என் மனைவி சொல்வாள். தரகருக்காவது பந்தியில் இலை போடுவார்கள் என்பேன் நான்.

பாகூர்ப் பக்கம் நெல் விவசாயக் குடும்பம் எங்களுடையது. டிப்ளமோ முடித்து, சாலைப் பிரிவில் இளநிலைப் பொறியாளராகச் சேர்ந்து, ஒரு வருஷம் ஜல்லி அளந்து, ஒரு வருஷம் தார் சூடு பார்த்து, மூன்றாம் வருஷம் தமிழரசி மேடத்தின் கீழ் வந்து விழுந்தேன். உண்மையான படிப்பு அங்கேதான் தொடங்கியது.

மேடம் புடவைக்குக் கீழே கேன்வாஸ் ஷூ போட்டிருப்பார். கையில் ஒரு கறுப்புக் குடை. வெயிலுக்கு விரித்து நான் பார்த்ததே இல்லை, சுட்டிக்காட்ட மட்டும்தான் அது. காத்திருக்கும்போது வறுத்த வேர்க்கடலைப் பொட்டலம் ஒன்றைப் பிரித்து ஒவ்வொன்றாகத் தோல் நீக்கிச் சாப்பிடுவார். கத்தவே மாட்டார். கோபம் வந்தால் குரல் இறங்கும். இன்னும் கோபம் வந்தால் நம்மைச் 'சார்' என்று கூப்பிடுவார். கலியபெருமாள் என்று கூப்பிடும் வரை எனக்குப் பயமில்லை. 'சார்' வந்துவிட்டால் அன்றைக்குச் செய்த வேலையை எல்லாம் மனசுக்குள் முதலிலிருந்து சரிபார்ப்பேன்.

அந்தச் 'சார்' எனக்கு முதன்முதலில் கிடைத்தது ஒரு மார்கழிக் காலையில். செல்போன் எல்லோர் கைக்கும் வராத காலம். ஒரு தெருவில் வடிகாலுக்குத் தோண்ட வேண்டும். டெலிபோன் கேபிளைத் தொடாமல் தோண்ட வேண்டிய கோட்டை, முந்தின நாள் சாயங்காலம் நானே சுண்ணாம்புத் தூளால் தெரு நீளத்துக்கும் போட்டுவிட்டு, பெருமையாக வீட்டுக்குப் போனேன். காலையில் டீக்கடையில் பத்து நிமிஷம் தாமதம். நான் போய்ச் சேர்வதற்குள் ஜேசிபி வாயை வைத்துவிட்டது.

மார்கழி என்பதை நான் மறந்தே போயிருந்தேன். விடிவதற்கு முன்னால் தெருப் பெண்கள் எல்லாம் எழுந்து, பெருக்கி, சாணி தெளித்து, என் சுண்ணாம்புக் கோட்டை அடையாளம் தெரியாமல் துடைத்துவிட்டுக் கோலம் போட்டிருக்கிறார்கள். பக்கத்துப் பக்கத்து வீட்டு அக்கா தங்கைகள் போட்டி போட்டுக்கொண்டு மூன்று வீட்டு நீளத்துக்கு ஒரே கரையாக வெள்ளைக் கோடு இழுத்திருக்கிறார்கள். நூல் பிடித்த மாதிரி அவ்வளவு நேர்! டிரைவர் வெளியூர்க்காரர். வெள்ளைக் கோடு என்று சொன்னார்கள், வெள்ளைக் கோடு இருந்தது, அதன் மேலேயே தோண்டிக்கொண்டு போனார். டெலிபோன் கேபிள் இரண்டு துண்டு.

பிரெஞ்சுக்காரர் ஆண்ட ஊர் எங்களுடையது, அந்தத் தெருவில் பாதி வீடு பிரான்சில் இருக்கும் பிள்ளைகளின் போனுக்குக் காத்திருக்கும் வீடுகள். அன்று ஞாயிறு வேறு. கோலம் போட்ட பெண்களுக்கோ கோலம் போன கோபம். மேடம் வந்தார். குழியைப் பார்த்தார், மிச்சமிருந்த கோலத்தைப் பார்த்தார். குடையால் காட்டி, "இதுல உங்க கோடு எது, சார்?" என்று கேட்டார். வீடு வீடாகப் போய் மன்னிப்புக் கேட்கச் சொன்னார், கேட்டேன். ஒரு வீட்டில் திட்டி முடித்துவிட்டுப் பொங்கல் கொடுத்தார்கள்.

அன்றைக்கு மேடம் இரண்டு சட்டம் போட்டார். ஒன்று, இனித் தரையில் கோடு கிடையாது. எதுவானாலும் வீட்டுச் சுவரிலிருந்து அளந்து பதிவேட்டில் எழுத வேண்டும், கோடு அழியும், சுவர் நகராது என்றார். இரண்டாவதுதான் நான் அந்தப் பெண்ணிடம் சொன்னது. துறைக்காரர்களை ஏசி அறையில் உட்காரவைத்துக் கூட்டம் போடுவதை மேடம் நிறுத்திவிட்டார். காலை ஏழரைக்குத் தெருவிலேயே கூட்டம். எல்லோரும் வந்ததும் ஒரே வார்த்தைதான் சொல்வார்: "அவங்கவங்க லைன் மேல போய் நில்லுங்க."

அதன் அருமை நின்றவர்களுக்குத்தான் தெரியும். அறைக்குள் இருக்கும்போது வரைபடத்தில் விரலை வைத்து, எங்கள் கேபிள் இங்கேதான் சார் என்று யார் வேண்டுமானாலும் சத்தியம் செய்துவிடுவார்கள். தெருவில், நாலு பேர் பார்க்க, உன் இரண்டு காலையும் ஓரிடத்தில் வை என்றால் தயங்குவார்கள். நகர்வார்கள். நெற்றியைச் சொறிவார்கள். கரண்ட்காரரும் தண்ணீர்க்காரரும் ஒரே இடத்தில் தோளோடு தோள் இடித்துக்கொண்டு நிற்பார்கள், அப்போதே தெரிந்துவிடும் இங்கே சிக்கல் என்று. நிற்கிற இடத்தில் எல்லாம் ஆளை வைத்துக் கையால் சோதனைக் குழி தோண்டுவோம். கடப்பாரை எதையாவது தொட்டு 'ணங்' என்று சத்தம் வரும் பாருங்கள், அந்த ஒரு சத்தத்துக்காக நான் சம்பளம் இல்லாமலும் வேலைக்குப் போயிருப்பேன்.

வருஷங்கள் ஓடின. மேடம் செயற்பொறியாளர் ஆனார், நான் உதவிப் பொறியாளர் ஆனேன். அப்போது வந்தது குருசுக்குப்பம் பக்கத்து வேலை.

நகரத்தின் வடக்கு ஓரத்தில், மீனவர் குப்பத்துக்குப் போகும் தெரு அது. தெருவின் மேற்குப் பக்கம் வடிகாலும் நடைபாதையும் வரவேண்டும். அங்கே பிரெஞ்சுக்காரர் காலத்து வார்ப்பிரும்புத் தண்ணீர்க் குழாய் கிடக்கிறது. குப்பம் முழுவதற்கும் அது ஒன்றுதான். அதற்குப் பதிலாகக் கிழக்குப் பக்கம் புதுக் குழாய் போட்டு முடித்துவிட்டோம். தெரு வளைகிற இடத்தில் பழையதை அறுத்துப் புதியதோடு இணைத்துவிட்டால் வேலை முடிந்தது. ஆனால் அந்த வளைவில் பழைய குழாய் எங்கே இருக்கிறது என்று யாருக்கும் தெரியவில்லை. தெருவோடு சேர்ந்து குழாயும் அங்கே திரும்புகிறது, அதனால் மேலேயிருந்தும் கீழேயிருந்தும் நூல் பிடித்துப் பார்த்து லாபமில்லை.

தோண்டிப் பார்த்துக்கொள்ளலாமே என்பீர்கள். அந்தக் குழாயின் அளவு இப்போது கடையில் கிடைக்கும் எந்த அளவுக்கும் பொருந்தாது. ஜேசிபியின் பல் ஒன்று பட்டு விரிசல் விட்டால், ஒட்டுப் போடுகிற காலரை அச்சு எடுத்து வார்த்துத்தான் கொண்டுவர வேண்டும். அதுவரை குப்பத்துக்குத் தண்ணீர் இல்லை. அங்கேயுள்ள சந்துகளுக்குள் தண்ணீர் லாரியும் நுழையாது. பெண்கள் குடத்தைத் தூக்கிக்கொண்டு மெயின் ரோடு வரை நடக்க வேண்டும். ஆகவே முதலில் இடம் தெரிந்தாக வேண்டும், பிறகு கையால் தோண்ட வேண்டும்.

பழைய வரைபடம் ஒன்று கிடைத்தது. பிரெஞ்சில் பொடி எழுத்துக் குறிப்பு. எனக்கு அது படிக்க வராது. வளைவிலேயே இருக்கும் வீட்டுக்காரர் அந்துவானிடம் கொண்டு போனேன், பிரெஞ்சு மரியாதையில் எங்களுக்கு முசியே அந்துவான். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்குகிறவர், தெருவில் சொல்தா வீடு, அதாவது பட்டாளக்காரர் வீடு, என்றால்தான் தெரியும். அவருடைய அப்பாவும் பட்டாளத்தில் இருந்தவர். வேலை தொடங்கிய நாளிலிருந்து எங்களுக்குக் காபி கொடுத்து, அரசியல் பேசி, கான்ட்ராக்டரை அதட்டி, பாதி மேஸ்திரி மாதிரி நின்றவர் அந்துவான். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வரைபடத்தைப் படித்தார். ஒரு வரிக்கு வந்ததும் நிறுத்தினார். திரும்பப் படித்தார். "வளைவு வீட்டு முன் சுவத்துலேர்ந்து நாலு மீத்ரு, ஆழம் ஒண்ணரை மீத்ரு," என்று சொல்லிவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். வளைவு வீடு என்றால் அவர் வீடேதான். எனக்கு வந்த சந்தோஷத்தில் அவர் முகத்தை நான் பார்க்கவில்லை.

சுவரிலிருந்து நாலு மீட்டர் அளந்து தோண்டினோம். மணல். கொஞ்சம் தெருப் பக்கம் தள்ளி இன்னொரு குழி. அங்கேயும் மணல், உடைந்த ஓடு, ஒரு பழைய பாட்டில். மூன்றாவது குழியில் கரண்ட் கேபிள் கிடைத்தது. தண்ணீர்க் குழாய் மட்டும் இல்லை. தண்ணீர்ப் பிரிவின் லைன்மேன் முருகையன் அந்தப் பக்கத்து ஒவ்வொரு வால்வையும் விரல் நுனியில் வைத்திருப்பவர், அவரே உதட்டைப் பிதுக்கினார். கான்ட்ராக்டர், இல்லாத குழாய்க்கு எத்தனை குழி சார், நாளை மறுநாள் என் எந்திரம் வேறு வேலைக்குப் போகிறது, குறுக்கே ஒரே இழுப்பு இழுத்துப் பார்த்துவிடுகிறேன் என்று குதித்தார். மேடம் அவருக்கு மறுநாள் காலை கூட்டம் வரை தவணை கொடுத்தார்.

அன்று மத்தியானம் ஒன்று கவனித்தேன். காபி வரவில்லை. சொல்தா வீட்டுக் கதவு சாத்தியிருந்தது. முன் அறை சன்னல் மட்டும் திறந்திருந்தது. உள்ளே அவர் மனைவி தெரேஸ் அம்மா கட்டிலில் சாய்ந்திருந்தார். இரண்டு காலும் வாதத்தில் விழுந்துவிட்டன அவருக்கு. தெருவும் கடற்காற்றும் தெரிகிற அந்தச் சன்னல்தான் அவருக்கு உலகம். தண்ணீர் கேட்டேன். சன்னல் கம்பி வழியாகச் சொம்பை நீட்டினார். வாங்கும்போது சன்னல் கட்டையில் கையை ஊன்றினேன். சுவர் ஒரு சாண் தடிப்புகூட இல்லை. பக்கத்துச் சந்துப் பக்கம் போய் அதே வீட்டின் பக்கச் சுவரைப் பார்த்தேன், பழைய சுண்ணாம்புச் சுவர், இரண்டு சாண் தடிப்பு. பக்கச் சுவருக்கும் முன் சுவருக்கும் வயது வேறு. சுவர் நகராது என்று மேடம் சொன்னாரே, இந்தச் சுவர் நகர்ந்திருக்கிறது! தெரு வளைகிற இடம் என்பதால் துருத்திக்கொண்டிருப்பது யார் கண்ணுக்கும் படவில்லை.

கதவைத் தட்டி அந்துவானிடம் கேட்டேன். என் சுவர் எங்கும் போகவில்லை, பிறந்ததிலிருந்து இங்கேதான் நிற்கிறது என்றார். குரலில் பட்டாளம் இருந்தது, கண்ணில் இல்லை. எனக்குப் புரிந்தது. சுவர் தெருவின் இடத்தில் இருக்கிறது என்று தெரிந்தால், நடைபாதைக்காக அதை இடிக்கச் சொல்லி நோட்டீஸ் வரும். இடிந்தால் போகிற அறை அந்த அறை. எத்தனை அடி நகர்ந்தது என்று அவர் சொல்லாமல் எனக்கு வேறு வழியும் இல்லை. வீட்டுக்குப் போய் மனைவியிடம் மட்டும் சொன்னேன். யார் பக்கம் பேசுவது என்று எனக்கே தெரியவில்லை.

மறுநாள் ஏழரைக்கு மேடம் வந்தார். அவங்கவங்க லைன் மேல நில்லுங்க என்றார். கரண்ட்காரர் நின்றார், டெலிபோன்காரர் நின்றார், சாக்கடைக்காரர் மூடி மேலேயே ஏறி நின்றார். முருகையன் மட்டும் ஓரமாகக் கையைக் கட்டிக்கொண்டு, எனக்கு நிற்க இடம் தெரியவில்லை மேடம் என்றார். குப்பத்துப் பெண்கள் நாலைந்து பேர் குடத்தோடு நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். கான்ட்ராக்டர் எந்திரத்தைக் கிளப்பச் சொன்னார். அந்துவான் தன் வாசலில் நின்று தரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்போது சன்னலிலிருந்து குரல் வந்தது.

"முருகையா, என் கட்டிலுக்குக் கீழ பழைய வாசப்படிக் கல்லு இருக்குது. அதுலேர்ந்து அளந்து பாருப்பா."

அந்துவான் திரும்பி, "தெரேஸ்" என்றார்.

"இன்னாத்துக்கு என்னைப் பார்க்கறீங்க? ஒங்கப்பா சைகோன்லேர்ந்து வந்து இழுத்துக் கட்டின ரூம்பு இது, நான் கட்டிக்கிட்டு வந்த அன்னைக்கே மாமி சொல்லிட்டாங்க. நேத்துலேர்ந்து நீங்க ஒரு வாய் சாப்புடல. அந்தப் பொம்பளைங்க ஒரு வாரம் கொடம் தூக்கணும்னா எனக்கு இந்தக் காத்து எப்படி எறங்கும்?"

மேடம் செருப்பைக் கழற்றுவது போல ஷூவைக் கழற்றி வாசலில் வைத்துவிட்டு உள்ளே போனார். நானும் போனேன். கட்டிலை நானும் அந்துவானும் தூக்கி நகர்த்தினோம், தெரேஸ் அம்மா அதன் மேலேயே இருந்தார். பாயை விலக்கினால், சிமெண்டுத் தரையோடு தரையாக ஒரு கருங்கல் படி. நடுவில் தேய்ந்து வழவழவென்று இருந்தது. அதன் வெளி விளிம்பில் நான் டேப்பை வைத்து அழுத்திக்கொண்டேன். மேடம் டேப்பின் மறுமுனையைச் சன்னல் கம்பிக்கு இடையே வெளியே விட்டார். வெளியே முருகையன் அதைப் பிடித்துக்கொண்டு நடந்தார். நாலு மீட்டர் என்று மேடம் சொன்ன இடத்தில் நின்றார். எங்கள் முதல் குழிக்கும் வீட்டுக்கும் நடுவில், கான்ட்ராக்டர் எந்திரத்தின் வாயை வைக்கச் சொல்லியிருந்த அதே இடம்!

கையாலேயே தோண்டினோம். நான் மேலதிகாரி என்பதை மறந்து நானும் இறங்கிவிட்டேன். இடுப்பாழம் போயிற்று. அதற்கும் கீழே முருகையன் கடப்பாரையை மெதுவாக இறக்கினார். ணங்! சத்தியமாகச் சொல்கிறேன், என் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. மண்ணைக் கையால் வழித்தார் முருகையன். கறுப்பாக, முழுசாக, ஒரு கீறல் இல்லாமல் கிடந்தது குழாய். குப்பத்துப் பெண்கள் குழியைச் சுற்றி நின்று எட்டிப் பார்த்தார்கள். கான்ட்ராக்டர் எந்திரத்தை அணைக்கச் சொன்னார்.

பதிவேட்டை விரித்தேன். அப்போதுதான் பேனா நின்றது. இப்போதைய சுவரிலிருந்து அளந்தால் இரண்டு மீட்டர் எழுபது. அதுவும் பொய்யில்லை. அதை எழுதினால் குழாயும் கிடைக்கும், சுவரும் பிழைக்கும், யாரும் எதுவும் கேட்கமாட்டார்கள். என் கை அந்த எண்ணை எழுதத்தான் துடித்தது, மறைக்க மாட்டேன்.

மேடம் கடலைப் பொட்டலத்தை மடித்துப் பையில் போட்டார். குரல் இறங்கியது. "எதுலேர்ந்து எழுதப் போறீங்க, சார்?"

நான் பதில் சொல்வதற்குள் அந்துவான் பக்கத்தில் வந்து நின்றார். "படியிலேர்ந்து எழுதுங்க. இன்னும் நாப்பது வருசம் கழிச்சி இன்னொருத்தன் வந்து தோண்டுவான். அவனும் என் சுவத்த நம்பி மோசம் போகக் கூடாது," என்றார். எழுதினேன். பழைய வாசற்படியின் வெளி விளிம்பிலிருந்து நாலு மீட்டர். அதற்குக் கீழே, இப்போதைய சுவர் ஒரு மீட்டர் முப்பது முன்னால் இருக்கிறது என்றும் எழுதினேன். மேடம் கையெழுத்துப் போட்டார்.

அடுத்த நாள்தான் இணைப்பு. காலைத் தண்ணீர் விட்டு முடித்ததும் வால்வை மூடினோம். சாயங்காலத் தண்ணீருக்குள் முடித்தாக வேண்டும். அறுக்க இரண்டு மணி நேரம், வடிய ஒரு மணி நேரம். இணைப்பில் ஒரு தடவை கசிவு வந்து, கழற்றி, மறுபடி மாட்டினோம். மூன்றரைக்கு முருகையன் வால்வைத் திறந்துவிட்டுக் குப்பத்துக்குச் சைக்கிளில் பறந்தார். நாங்கள் எல்லோரும் என் கையிலிருந்த போனையே பார்த்துக்கொண்டு நின்றோம். அது அடித்தது. "வந்துடுச்சி சார், கடைசி வீடு வரைக்கும் வந்துடுச்சி," என்றார். கரண்ட்காரரும் டெலிபோன்காரரும் ஒருவரையொருவர் கட்டிப்பிடித்துக்கொண்டதை என் சர்வீசில் அன்று ஒருநாள்தான் பார்த்தேன். மேடம் சிரித்தார். நான் கான்ட்ராக்டரின் தோளில் அறைந்தேன், அவரும் திருப்பி அறைந்தார்.

அந்தச் சந்தோஷத்தைச் சொல்லலாம் என்று சொல்தா வீட்டுக்கு ஓடினேன். கதவு திறந்தே இருந்தது. அந்துவான் முன் அறையில் முட்டி போட்டிருந்தார். வீட்டில் இருந்த தையல் டேப் ஒன்றை எடுத்து, அந்தக் கருங்கல் படியிலிருந்து உள்பக்கச் சுவர் வரை அளந்துகொண்டிருந்தார். தையல் டேப் எட்டாமல் பாதியில் விரலை வைத்து, திரும்ப அளந்து, கணக்குத் தப்பி, மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தார். நோட்டீஸ் வரட்டும் என்று அவர் காத்திருக்கவில்லை. சுவரைத் தானே இடித்துப் படிக்குப் பின்னால் கட்டிவிடப் போவதாகச் சொன்னார். அறை எவ்வளவு மிஞ்சும், கட்டில் கொள்ளுமா என்பதுதான் அவர் கவலை. என் டேப்பை எடுத்து ஒரு முனையை அவர் கையில் கொடுத்தேன்.

ஏழடி மிஞ்சியது. கட்டில் ஆறேகால் அடி. நீளவாக்கில் போட்டால் நடக்க வழியில்லை. சன்னலோரமாகக் குறுக்கே போட்டால் கொள்ளும் என்றேன்.

"சன்னல இன்னும் ஒரு அடி கீழ எறக்கி வைக்கச் சொல்லுங்க," என்றார் தெரேஸ் அம்மா கட்டிலிலிருந்து. "இப்ப படுத்தா எனக்குத் தெருவுல தலைங்கதான் தெரியுது."

அந்துவான் எழுந்து முட்டியைத் தட்டிவிட்டுக்கொண்டு, எவ்வளவு கீழே என்று கேட்டார்.